சும்மா என்றொரு நோயாளி

ஜனவரி 3, வெள்ளி

புது நோட்டு. பழையதில் இன்னும் நாலு பக்கம் இருக்கிறது, ஆனாலும் வருஷம் பிறந்தால் புதிது எடுப்பது என் வழக்கம். ஞாபகம் வைக்க எழுதுகிறவள் இல்லை நான். என் ஞாபகத்துக்கு ஊரே சாட்சி. வாயில் வந்ததை எல்லாரிடமும் கொட்ட முடியாது, அதற்காகத்தான் இது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், அவரிடம் சொன்னால் ரிப்பேருக்குப் போன இடம் மாதிரி உடனே ஸ்பேனரைத் தேடுவார்.

இன்று என் முறை. விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். என்னோடு வேலை பார்க்கும் குருவி வயர்த் தொப்பியை மாட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் பசை வைத்து, கம்ப்யூட்டர் பக்கம் போனாள். "கண்ண மூடுங்கக்கா. மூடுன உடனே குறட்ட விட்டுராதீங்க." மூன்று நிமிஷம். பிறகு சோதனைப் புத்தகத்தில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு முதல் ஆளைக் கூப்பிடப் போனாள். நான் தலை கழுவப் போனேன்.

பதினொரு வருஷமாக எங்களுக்குப் பொழுது இப்படித்தான் விடிகிறது. முதல் நோயாளி வருமுன் மெஷின் மூளை அலையை ஒழுங்காக எழுதுகிறதா என்று பார்க்க யாராவது தலை கொடுக்க வேண்டும். ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். பெயர் இல்லாமல் மெஷின் எதையும் சேர்த்து வைக்காது. அதனால் ஆரம்பத்திலேயே ஒரு நோயாளியை உண்டாக்கிவிட்டோம். பெயர்: சும்மா. பிறந்த தேதி ஜனவரி ஒன்று. வயது இருபத்தைந்து என்று குருவி ஆசைப்பட்டுப் போட்டாள். இப்போது முப்பத்தாறு ஆகியிருக்கும். போன் நம்பருக்கு எங்கள் வரவேற்பு மேஜை நம்பர். "சும்மா வந்தாச்சா?" என்று டாக்டர் கேட்டால் மெஷின் சரியாக இருக்கிறதா என்று அர்த்தம்.

ஜனவரி 7

ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் இன்று வந்தார். மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்தார். வழி தவறிவிட்டாராம், இருபது வருஷமாகக் குடியிருக்கும் தெருவிலேயே.

என் வழக்கமான பிரசங்கம்: "பயப்படாதீங்க ஐயா. ஷாக் எதுவும் வைக்க மாட்டோம். உங்க மூளை பேசுறத நாங்க ஒட்டுக் கேக்குறோம், அவ்வளவுதான். சீக்கிரம் தெரிஞ்சா நல்லது. கையில நாள் இருக்கும்."

"நாள வச்சு என்னம்மா பண்றது?" என்றார்.

"என்ன வேணா பண்ணலாம்" என்றேன். நல்ல பதில் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கண்ணை மூடினால் பின்மண்டையில் ஒரு அலை எழும். நொடிக்குப் பத்து, பதினொன்று. ஒன்பது என்றால் பரவாயில்லை. எட்டுக்குக் கீழே இறங்கினால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஓட்டுநருக்கு ஏழு.

ஜனவரி 13, திங்கள்

புது மென்பொருள் வந்துவிட்டது. நிறுவ வந்த ஆள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். மெஷினில் செருகினால் அதுவே பொய் அலை அனுப்புமாம். "இனிமே உங்க தலை வேணாம் மேடம். பெட்டி போதும்."

பதினொரு வருஷம் பசை தடவிய தலைக்கு ஓய்வு. குருவி கைதட்டினாள். எனக்கு என்னவோ வேலையை விட்டு நிறுத்திய மாதிரி இருந்தது.

பழைய பதிவுகள் எல்லாவற்றையும் மென்பொருள் தானாகப் படித்து, யாருக்கு மூளை தளர்கிறது என்று வரிசை போட்டுக் கொடுக்குமாம். அதற்கு இரண்டு நாள் ஆகும்.

ஜனவரி 15

பட்டியல் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர். வேகமாகச் சறுக்குகிறவர்கள் மேலே, சிவப்பில்.

முதல் வரியில் — சும்மா.

குருவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். டாக்டரும் சிரித்தார். "முப்பத்தாறு வயசுன்னு போட்டுட்டு ஐம்பதைத் தாண்டின தலைய வச்சா அது வேற என்ன சொல்லும்?" என்றார். வயதைத் திருத்திப் போடச் சொன்னார். எனக்கு ஐம்பத்து மூன்று, குருவிக்கு நாற்பத்தெட்டு. நடுவில் ஐம்பது என்று போட்டோம்.

ஜனவரி 16

திருத்திய பிறகும் முதல் வரியில்தான் இருக்கிறாள்.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகத் தலைப் படங்களை வரிசையாகத் திறந்தார். வெறும் வட்டங்கள். மூக்கு இருக்கும் பக்கம் தெரிய ஒரு சின்ன முக்கோணம். பதினொரு வட்டம். எட்டாவது வரை ஒரே நிறம். அதன்பின் பின்மண்டையில் நீலம். கடைசி வட்டத்தில் நீலம் பாதித் தலைக்கு வந்துவிட்டது. யாருமே இல்லாத ஒருத்திக்கு இப்படி ஆகியிருக்கிறது.

பிறகு கடைசி வருஷத்தை நாள் நாளாகத் திறந்தார். ஒரு நாள் பத்து. மறுநாள் எட்டு. மறுநாள் பத்து. அதற்கு மறுநாள் ஏழரை.

"மெஷின் கோளாறு இப்படி முறை வச்சு வராது" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "இது ரெண்டு தலை. ஒண்ணு நல்லா இருக்கு."



"இத மட்டும் வச்சு நான் எதுவும் முடிவா சொல்ல மாட்டேன். தூக்கம் சரியில்லன்னாலும் இப்படி வரும், தைராய்டாலயும் வரும். ரெண்டு பேரும் உங்க உங்க பேர்ல ஒருதரம் உக்காந்துருங்க. கட்டாயம் இல்ல. ஆனா சீக்கிரம் தெரிஞ்சா…"

மிச்சத்தைச் சொல்லவில்லை. அது நான் சொல்லிப் புளித்த வாக்கியம்.

குருவி, "அடுத்த வாரம் உக்காரலாம் டாக்டர்" என்றாள். நானும், "ஆமா, இந்த வாரம் ஆள் அதிகம்" என்றேன். டாக்டர் நாளை முதல் மாநாட்டுக்குப் போகிறார். திரும்பப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகும். இருவருக்கும் மூச்சு வந்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் வெளியே வந்தோம்.

ஜனவரி 17

நானா, அவளா?

ஜனவரி 20, திங்கள்

மாலை நாலு மணிக்கு வரவேற்பு மேஜையில் போன் அடித்தது. அங்கே ஆள் இல்லை. நான்தான் எடுத்தேன்.

பதிவு செய்த பெண் குரல். "வணக்கம். இந்த அழைப்பு… சும்மா… அவர்களுக்கு. உங்கள் மறுபரிசோதனை நாள் கடந்துவிட்டது. பேசுவது தாங்கள்தான் என்றால், எண் ஒன்றை அழுத்தவும்."

பெயர் வரும் இடத்தில் மட்டும் வேறு யாரோ வாய் திறந்த மாதிரி இருந்தது. வைத்துவிட்டேன். புது மென்பொருள் சிவப்பு வரிக்காரர்களைத் தானாகக் கூப்பிடுகிறதாம். யாரும் ஒன்றை அழுத்தாவிட்டால் அடுத்த திங்கள் மறுபடி கூப்பிடுமாம். நிறுவிய ஆளிடம் கேட்டேன். "பேஷண்ட் எடுக்குற வரைக்கும் விடாது மேடம்" என்று பெருமையாகச் சொன்னார்.

ஜனவரி 21

தொப்பி என் கைக்கு எட்டும் ஆணியில்தான் தொங்குகிறது. மூன்று நிமிஷம் போட்டுப் பார்த்தால் தீர்ந்தது. ஏன் போடவில்லை? ஊருக்கு உபதேசம் செய்கிற வாய், தனக்கு என்றதும் அடைத்துக்கொள்கிறது. பயமாக இருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். தொப்பியைத் தொடாமலேயே.

சோதனைப் புத்தகம்! தேதி, நேரம், மெஷின் நிலை, கையெழுத்து — எல்லாம் அதில் இருக்கிறதே. குருவி சீக்கிரம் கிளம்பிய பிறகு அதை எடுத்து வைத்துக்கொண்டு, போன வருஷத்துக் கோப்புகளோடு ஒத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு நாள் பார்த்தேன். அலை மெதுவாக ஓடிய ஒவ்வொரு நாளிலும் அவளுடைய கோழிக் கிறுக்கல். நன்றாக ஓடிய ஒவ்வொரு நாளிலும் என் கையெழுத்து. ஒன்றுகூடத் தப்பவில்லை.

முதலில் அழுதேன். பிறகு அது அழுகை இல்லை என்று தெரிந்தது. தப்பித்தேன் என்ற சந்தோஷம். பதினொரு வருஷம் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவள் அவள். அவளுக்கு இப்படி என்றதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சீ, என்ன ஜன்மம் நான்.

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். "என்ன இன்னைக்கு முகம் பளிச்சுன்னு இருக்கு?" என்றார் அவர்.

ஜனவரி 27, திங்கள்

குருவியைக் கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கண்ணில் படுகிறது. மத்தியானம், "சாப்ட்டீங்களாக்கா?" என்றாள். ஆச்சு என்றேன். கால்மணி கழித்து மறுபடி, "அக்கா, சாப்பிடலையா?" பாவம். கேட்டதே மறந்துவிடுகிறது.

அவள் பேச்சும் குறைந்துவிட்டது. வாய் ஓயாதவள் என்றுதானே அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தேன்? இப்போது என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரும்பினால் சட்டென்று கண்ணை எடுத்துக்கொள்கிறாள்.

நாலு மணிக்கு போன். நான் எடுக்கவில்லை. அவள் எடுத்து, கேட்டு, எதையும் அழுத்தாமல் மெதுவாக வைத்தாள். "யாரு?" என்றேன். "சும்மா" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஜனவரி 30

கையும் களவுமாகப் பிடித்தேன். மறந்துபோன குடையை எடுக்க அறைக்குத் திரும்பினேன். விளக்கு போடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் ரயில் ஓட்டுநரின் கோப்பும் ஒரு தையற்காரம்மாவின் கோப்பும். இரண்டின் பெயரையும் மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் தலைக்கு இந்தம்மா பெயர், இந்தம்மா தலைக்கு அவர் பெயர்!

"என்னடி பண்ற?" என்றேன்.

திடுக்கிட்டு எழுந்தாள். "ஒண்ணுமில்லக்கா. சும்மா சரிபாத்தேன்."

ஒருத்தர் நோயை இன்னொருத்தர் தலையில் கட்டினால் என்ன ஆகும்? நல்லா இருக்கிற மனுஷிக்கு மாத்திரை, நோயாளி மனுஷனுக்கு 'ஒண்ணுமில்ல போய்ட்டு வாங்க'. இதற்கு மேல் பேசாமல் இருந்தால் அது பாவம். டாக்டர் வரட்டும்.

அவள் போன பிறகு நானே இரண்டு பெயரையும் பழையபடி மாற்றி வைத்தேன்.

பிப்ரவரி 4

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். புத்தகத்தையும் என் பட்டியலையும் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். "தெளிவாத்தான் இருக்கு" என்றார். பெயர் மாற்றியதையும் சொன்னேன். "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாதீங்க டாக்டர், மனசு உடைஞ்சிருவா" என்றேன்.

அவள் நல்லதுக்குத்தான். அவளுடைய நல்லதுக்குத்தான் சொன்னேன். மூன்று முறை எழுதினாலும் அது என்னவோ போலத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 6

குருவிக்கு இன்று பரிசோதனை. அவள் பெயரில், அவள் பிறந்த தேதியில். நான்தான் தொப்பி மாட்டினேன். தலைமுடியை விலக்கிப் பசை வைத்தேன். அவள் தலை அசையவே இல்லை.

"யார் சொன்னாங்கன்னு டாக்டர் சொல்லலக்கா" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே. "நானும் கேக்கல. முதல்ல என்னையே பாத்துருங்கன்னு சொல்லிட்டேன்."

விளக்கை அணைத்தேன். இருட்டில் பச்சைக் கோடுகள் மட்டும் ஓடின. அடுத்து, சத்தம் மாறும்போது பொத்தானை அழுத்தும் பரிசோதனை. ஒன்றைக்கூட அவள் விடவில்லை. கடைசியில் டாக்டர் கூப்பிட்டுக் கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார்.

பிப்ரவரி 7, வெள்ளி

பத்தரை. அவளுக்கு நொடிக்குப் பத்தரை. கணக்காகச் சொல்ல வேண்டுமானால் பத்து புள்ளி ஆறு. படம் முழுக்கப் பச்சை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

"அப்ப புத்தகம் தப்பா டாக்டர்?"

அவர் பதில் சொல்லுமுன் குருவி என் கையைப் பிடித்துப் பதிவு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இந்தப் புத்தகத்துல யாரு கையெழுத்து போடுவாங்க?"

"தலை குடுக்குறவங்க."

"இல்லக்கா."

"என்ன இல்ல? பதினொரு வருஷமா—"

"தலை குடுக்குறவ கண்ண மூடிட்டு இருக்கா, அவளுக்கு என்ன தெரியும்? திரைய பாக்குறவதான் கையெழுத்து போடணும். இது யாரு சொன்னது தெரியுமா? நீங்க. நான் சேந்த முதல் வாரம், நான் தொப்பியோட எட்டிக் கையெழுத்து போடப் போயி வயர அத்துட்டேன். அப்ப திட்டி, இத சட்டமாப் போட்டீங்க. அன்னையிலேர்ந்து நீங்க தலை குடுத்தா நான் கையெழுத்து போடுவேன், நான் குடுத்தா நீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. மங்கலாகக்கூட இல்லை. அவள் வேறு யாரோ ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் கிறுக்கிய நாளெல்லாம் என் தலை. அறுபத்திரண்டில் முப்பத்தோரு நாள். ஒன்றுகூடத் தப்பவில்லை என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

"அந்த ரெண்டு பேரும்?" என்றேன். "ரயில்காரர், தையல்காரம்மா?"

"நீங்க மாத்திப் போட்டுட்டீங்க. நான் சரி பண்ணேன். நீங்க மறுபடி மாத்திட்டீங்க. நான் மறுபடி சரி பண்ணேன்." மறுபடி என் கையைப் பிடித்தாள். "ஒரு வருஷமா தினம் சாயங்காலம் உங்க பேஷண்ட் பேரையெல்லாம் நான் ஒருதரம் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். மத்தியானம் சாப்பிட்டேன்னு சொல்லுவீங்க, டப்பா அப்படியே மூடி இருக்கும். எப்படிக்கா சொல்றது? நீங்க சொல்லிக் குடுத்த தொழில வச்சு உங்களயே…"

சுவர் எங்கே இருக்கிறது என்று கையால் தடவித்தான் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 8

இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஜனவரி மூன்று. 'இன்று என் முறை' என்று இருக்கிறது. மூன்று வரி தள்ளி, குருவி கையெழுத்தைக் கிறுக்கினாள் என்றும் இருக்கிறது. என் எழுத்துதான். புத்தகத்தை ஒத்துப் பார்த்த அன்று இந்த நோட்டு என் பையிலேயே இருந்தது. யாரைக் கேட்டிருக்க வேண்டும்? என்னைத்தானே. என்னைக் கேட்க எனக்கே தோன்றவில்லை.

பக்கம் பக்கமாகப் படித்தேன். எல்லாம் தெளிவாக, அழகாக எழுதியிருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. தப்பு செய்கிறவள் எழுதிய மாதிரி ஒரு வரிகூட இல்லை. நான் சரி என்று நினைப்பது, எனக்குச் சரியாக இருப்பதால்தானா? இப்போது எழுதுகிறேனே, இது?

கொன்னுட்டேனே. அந்தப் பொண்ண மாட்டிவிட்டேனே. ஐயோ.

பிப்ரவரி 10, திங்கள்

நாலு மணிக்கு வரவேற்பு மேஜையில் நானே போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த வரவேற்புப் பெண்ணை எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பினேன். போன் அடித்தது.

"வணக்கம். இந்த அழைப்பு… சும்மா… அவர்களுக்கு. பேசுவது தாங்கள்தான் என்றால், எண் ஒன்றை அழுத்தவும்."

"நான்தான்" என்றேன். மெஷினுக்குக் காது இல்லை என்று தெரியும், இருந்தாலும் சொன்னேன். ஒன்றை அழுத்தினேன்.

"நன்றி. உங்கள் பரிசோதனை, பிப்ரவரி பதிமூன்று, காலை ஒன்பது மணி." எத்தனையோ பேரை நான் அதே நாற்காலிக்கு அழைத்திருக்கிறேன். என்னை அழைத்தது இந்தக் குரல்.

பிப்ரவரி 13

என் பெயரில், என் பிறந்த தேதியில் ஒரு கோப்பு. பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

குருவி தொப்பி மாட்டினாள். "பயப்படாதீங்கக்கா. ஷாக் எதுவும் வைக்க மாட்டோம்" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். இருவராலும் சிரிக்க முடியவில்லை.

ஏழு புள்ளி எட்டு. சத்தம் மாறியதில் ஆறை விட்டுவிட்டேன், விட்டதே தெரியவில்லை. டாக்டர் சொன்ன கதையில் ஒரு பெண் வந்தாள், பேருந்து வந்தது. மிச்சம் வரவில்லை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனுக்கு எழுதினார்கள்.

"ரொம்ப ஆரம்பம்" என்றார் டாக்டர். "பத்துப் பேர்ல ஒன்பது பேர் இன்னும் ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத்தான் இங்க வந்து சேருவாங்க. உங்க தலைய நீங்களே பதினொரு வருஷமா எழுதி வச்சதாலதான் இப்பவே தெரிஞ்சுது. நாள் இருக்கு."

நாள வச்சு என்ன பண்றது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவருக்கும் பதில் தெரியாது.

நாளை முதல் நான் பதிவு எடுக்கக் கூடாது. நோயாளிகளிடம் பேசலாம்.

பிப்ரவரி 20

ஸ்கேன், ரத்தம் எல்லாம் வந்துவிட்டது. தைராய்டு காரணம் இல்லை, தூக்கமும் காரணம் இல்லை. அதுதான்.

இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். ஸ்பேனர் தேடவில்லை. பிறகு எழுந்து போய் அடுப்புப் பக்கத்தில் எதையோ காட்டினார். எரிவாயுக் குழாயில் ஒரு சின்னப் பூட்டு மாதிரி, நேரம் ஆனால் தானே மூடிக்கொள்ளும் கருவி. பழைய லிஃப்ட் ஒன்றின் டைமரை எடுத்துப் பொருத்தினாராம்.

"எப்ப வச்சீங்க?"

"போன மழைக்கு முன்னாடி."

மழைக்கு முன்னால் என்றால் ஐந்தாறு மாதம். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாரும் என்னைச் சுற்றி நுனிக்காலில் நடந்திருக்கிறார்கள். என் ஞாபகத்துக்கு ஊரே சாட்சி என்று நான் எழுதியிருக்கிறேன்.

கத்தினேன். "ஏன் சொல்லல? நான் என்ன பைத்தியமா?" அவர் என் தட்டையும் சேர்த்துக் கழுவினார். பிறகு நானே போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

குருவி வீட்டுக்குப் போனேன். போகும் வழியை அவர் எழுதிக் கொடுத்தார். தேவைப்படவில்லை, ஆனாலும் கையில் வைத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனது நான்தான் என்று சொன்னேன். அவளுக்குத் தெரியும். பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"ரெண்டு நாள் தூங்கலக்கா" என்றாள். "மெஷினுக்குப் பயந்து இல்ல. நீங்க என் முகத்தப் பாத்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? 'ஏண்டி, உனக்கு ஏதாவது ஆகுதா'ன்னு? நேரா டாக்டர்கிட்ட போயிட்டீங்க. நான் ஒரு வருஷமா யார்கிட்டயும் போகல."

அழுதாள். கோபமாகவே அழுதாள். என் முழங்கையில் ஒரு அடி அடித்தாள், வலிக்கிற மாதிரியே. நான் வாங்கிக்கொண்டேன். கடைசியில் அவளே என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். பழக்கத்தில் அவள் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன். "பசை இல்லக்கா" என்றாள். அப்போதுதான் இருவரும் சிரித்தோம்.

இந்த நாள் மறக்காது.

மே 19

வேலையை விட்டுவிட்டேன். நோயாளிகளிடம் ஒரே பிரசங்கத்தை இரண்டு முறை செய்கிறேன் என்று வரவேற்புப் பெண் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. டாக்டர் சால்வை போர்த்தினார். புழுக்கத்தில் எதற்குச் சால்வை?

ஆகஸ்ட் 11

தினமும் காலையில் நடக்கிறேன், சாயங்காலம் குறுக்கெழுத்து. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. அவர் கூடவே இருக்கிறார். நல்ல நாட்கள்தான், பொய் சொல்லக் கூடாது. நாள வச்சு என்ன பண்றது என்று யாரோ கேட்டார்கள். வந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 4

மனசில் ஏதோ ஒரு முள். யாருக்கோ நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன என்று வரவில்லை.

நவம்பர் 5

வந்துவிட்டது. குருவிக்கு.

பிப்ரவரி 2, திங்கள்

வருஷப் பரிசோதனைக்கு அவரோடு போனேன். அறை அப்படியே இருக்கிறது, ஆணி, தொப்பி எல்லாம். குருவி கொஞ்சம் நரைத்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் ஒரு புதுப் பெண்.

குருவி பசை வைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குருவி, அந்தப் புத்தகத்த எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போனது நான்தான். உன்ன மாட்டிவிட்டது நான்தான். உங்கிட்ட ஒரு நாளும் மன்னிப்பு கேட்டதில்ல. கேக்கணும்னு எத்தனையோ நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன், வாய் வரல. மன்னிச்சுரு."

புதுப் பெண் திரையை விட்டு நிமிர்ந்து பார்த்தாள். குருவி அவளை ஒரு முறை முறைத்தாள்; பெரியவர்கள் பேசும்போது வேடிக்கை பார்த்தால் அப்படித்தான் வாங்க வேண்டும். அவர் கதவோரம் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவி பசைக் குழாயைக் கீழே வைத்தாள். எனக்கு எதிரே குனிந்து உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியாக்கா?" என்றாள். "நீங்கதானா அது? எனக்குத் தெரியவே தெரியாதே. பரவாயில்லக்கா. இப்ப சொன்னீங்களே, அது போதும்."

எவ்வளவு நல்ல பெண். திட்டுவாள், அழுவாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பெரிய பாரம் இறங்கிவிட்டது. இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்தை இத்தனை நாள் செய்யாமல் எப்படித்தான் இருந்தேனோ. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எழுதிவிட்டேன்.